ஏழே முக்கால் சென்ட்

2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, இந்திய நேரப்படி காலை ஒன்பதரை மணி அளவில், உலகத்தில் அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த சாதாரண ஜிபிஎஸ் கருவிகள் எல்லாம் ஒரே மூச்சில் பல மடங்கு நல்ல கருவிகளாகிவிட்டன. யாரும் புதிதாக எதையும் வாங்கவில்லை, கருவிக்குள் ஒரு திருகாணிகூட மாறவில்லை. எதிரி நாட்டுப் படைகள் பயன்படுத்திக்கொள்ளும் என்ற அச்சத்தில், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா அதுவரை வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. அதிபர் கிளின்டன் உத்தரவிட்டார், அந்தக் கலப்பு நின்றது. முந்தைய நாள் வரை, கருவி காட்டிய இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். மறுநாள் அந்த 100 மீட்டர், நல்ல வெட்டவெளியில் 10 மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. இதை நிலக் கணக்கில் பார்த்தால்தான் அதன் வீச்சு புரியும். 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏழே முக்கால் ஏக்கர். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏழே முக்கால் சென்ட். ஏழே முக்கால் ஏக்கர் காட்டுக்குள் ஒரு வாளியை ஒளித்துவைத்தால் தேடப் போனவர் பொழுது சாய வெறுங்கையோடு திரும்புவார். ஏழே முக்கால் சென்ட் என்பது ஒன்றரை கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் ஒரு மனிதர் கண்ணை வைத்துத் தேடிவிட முடியும்.

அதைத்தான் டேவ் உல்மர் என்கிற அமெரிக்கர் அடுத்த நாளே சோதித்துப் பார்த்தார். மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்தார். உள்ளே புத்தகம், மென்பொருள், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ். பிறகு, வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம் என்ற எண்களை இணையத்தில் ஜிபிஎஸ் ஆர்வலர்களிடையே அறிவித்தார். போய்க் கண்டுபிடியுங்கள், எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள், எதையாவது வைத்துவிட்டு வாருங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள் என்பதுதான் விதி. மைக் டீக் என்பவர் முதலில் கண்டுபிடித்தார். அந்த மாதக் கடைசியிலேயே மேட் ஸ்டம் என்பவர் இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர் சூட்டினார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் அதற்கென ஒரு தளத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் தொடக்கத்தில் உல்மர் நடத்தியது புதையல் வேட்டை அல்ல, துல்லியச் சோதனை. ஓர் எண் உண்மையில் எவ்வளவு பெரிய நிலத்தைக் குறிக்கிறது என்று பார்க்கிற சோதனை. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் அதைப் பற்றித்தான்.

என் கட்சி இது: அட்சரேகை, தீர்க்கரேகை எண் என்பது ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் எங்கோ நாம் இருக்கிறோம் என்பது மட்டுமே கருவிக்குத் தெரியும். கையடக்க ஜிபிஎஸ் கருவியும் ஜியோகேச்சிங்கும் சேர்ந்து இந்த ஒரே பாடத்தை மிக நன்றாகக் கற்றுத்தருகின்றன, நம் கைப்பேசி அதை மிக நன்றாக மறைக்கிறது. மலைக்கும் காட்டுக்கும் போகிறவர்களுக்கு இந்தப் பாடம் கட்டாயம் தேவை. எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜியோகேச்சிங்கில் நிமிடத்துக்குப் பின் மூன்று தசம இடம்தான் எழுதுவார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.85 மீட்டர். கருவியால் உருப்படியாகச் சொல்ல முடிந்ததற்கு ஒட்டிய எல்லை அது. கைப்பேசியிலோ 13.0827012 என்பது போல டிகிரிக்குப் பின் ஏழு இடங்கள் வந்து நிற்கும். ஏழாவது இடம் என்பது ஒரு சென்டிமீட்டர். எந்தக் கைப்பேசியும் உங்கள் இடத்தை ஒரு விரல் அகலத்துக்குச் சரியாகச் சொல்வதில்லை. வெட்டவெளியில் சாதாரணமாக 5 மீட்டர் ஆரத்துக்குள் சொல்லும் என்பதுதான் அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே தருகிற கணக்கு. ஆக, ஐந்தாவது இடத்துக்குப் பின்னால் வருகிற இலக்கங்களுக்குப் பொருளே இல்லை. ஆனால் நீளமான எண்ணைப் பார்த்ததும் நம் மனம் அதை நம்பிவிடுகிறது. படத்தில் நீலப் புள்ளி ஒரு தெருவின் இந்தப் பக்கம் நிற்கிறது என்றால் நாம் இந்தப் பக்கம்தான் நிற்கிறோம் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வளையமும் இருக்கும்; அது என்னவென்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்ட்ராய்டில் அந்த வளையத்துக்கான அளவு 68 சதவீத நம்பிக்கை கொண்டது. நூறு முறை பார்த்தால் ஏறக்குறைய முப்பத்திரண்டு முறை நீங்கள் அந்த வளையத்துக்கே வெளியில் இருக்கலாம்.

பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எப்போது கருவியை நம்பலாம், எப்போது கூடாது என்பதும் தெரிந்துவிடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன் என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறது. அந்தச் செய்தி வந்துசேர எவ்வளவு நேரமானது என்பதிலிருந்து கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ரேடியோ அலை ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்டிமீட்டர் போய்விடும். அதனால்தான் கோளில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நம் கையில் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைத் தீர்க்கத்தான் இடத்தைக் கணிக்கும் மூன்று கோள்களோடு சேர்த்து நான்காவது கோளும் தேவைப்படுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையின்படி அந்தக் கடிகாரங்கள் தரையில் இருப்பவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும், அதையும் கழித்துக்கொள்கிறார்கள். இவ்வளவு கவனமெடுத்து அனுப்பிய சமிக்ஞை தரைக்கு வரும்போது மிக மிக மெலிந்து போயிருக்கும். ஈர இலைக் கூட்டம் அதை உறிஞ்சும். நம் உடம்பே அதை மறைக்கும். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் பயணித்த தூரம் கூடிவிடும், கருவியோ அதையும் நேராக வந்ததாகவே எண்ணிக் கணக்கிடும். கிணற்றுக்குள் இருப்பவருக்கு ஒரு துண்டு வானம்தான் தெரியும் என்பது போல, ஆழமான பள்ளத்தாக்கில் கருவிக்கு ஒரு துண்டு வானத்தில் உள்ள கோள்கள் மட்டுமே கேட்கும். கோள்கள் வானமெங்கும் பரவி இருந்தால் வட்டம் சிறியது. ஒரே பக்கமாகக் கூடிநின்றால் வட்டம் பெரியது.

தென் தமிழகத்துக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் நுனியை ஒட்டித்தான் போகிறது. கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க இடம் தேர்ந்ததற்கே காரணம் அதுதான். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளின் மேலே, மின்னேற்றம் கொண்ட காற்றடுக்கான அயனிமண்டலம் அடர்த்தியானது, குணம் மாறிக்கொண்டே இருப்பது. சூரியன் இறங்கியபின் சில இரவுகளில் அது கொந்தளித்து, கடந்துவரும் சமிக்ஞையைத் திக்கித் திணறவைக்கும். மற்ற நாட்டு நடையர்கள் எழுதும் துல்லியக் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். உயரக் கணக்கில் இன்னும் விநோதம். ஜிபிஎஸ் முதலில் கணக்கிடுவது கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான, வழுவழுப்பான ஓர் உருண்டையாகக் கற்பனை செய்த பரப்பிலிருந்து. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்த ஒரு பெரும்பகுதி இருக்கிறது. அங்கே கடல் மட்டம் அந்தக் கற்பனைப் பரப்பைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கும். புவியீர்ப்பு வேறுபாட்டால் கடல் மட்டத்தில் உண்டான பள்ளங்களில் உலகத்திலேயே ஆழமானது அதுதான். அதன் விளிம்பில் இருக்கிற நம் கடற்கரைகளில், திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் உயரம் கடலுக்கு அடியில் 80, 90 மீட்டர் என்று காட்டும். கையடக்கக் கருவிகள் உள்ளே ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்துவிடுகின்றன. சில கைப்பேசிச் செயலிகள் சரிசெய்வதில்லை. கடற்கரையில் நின்று கழித்தல் குறியைப் பார்த்தவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கெடவில்லை.

இப்போது பெட்டி தேடுவதற்கு வருவோம். கையடக்கக் கருவி இரண்டே தகவல்களை முன்னால் வைக்கிறது: எவ்வளவு தூரம், எந்தத் திசை. கூடவே ஓர் ஓரத்தில் பிழை இத்தனை மீட்டர் என்றும் சொல்லும். நடுவில் ஓடை இருக்கிறதா, முள்வேலி இருக்கிறதா, சுற்றிப் போவதா, ஏறிப் போவதா என்பதெல்லாம் நம் பாடு. 300 மீட்டர், 120 மீட்டர், 40 மீட்டர் என்று குறைந்துகொண்டே வரும். 10 மீட்டர் ஆனதும் அம்பு சுற்றத் தொடங்கும். இந்தப் பக்கம் என்று நாலடி வைத்தால் இல்லை அந்தப் பக்கம் என்று திரும்பும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுவார்கள். அம்பைத் துரத்திக்கொண்டு அரைமணி நேரம் வட்டமடிப்பார்கள். பழகியவர்கள் கருவியைப் பையில் போட்டுவிடுவார்கள். அல்லது 30 மீட்டர் பின்வாங்கி, வேறொரு பக்கத்திலிருந்து அம்பின் வழியே வந்து, இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்து, அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்வார்கள். அதன்பிறகு நடப்பது முழுக்க மனித வேலை. இயற்கையாகக் குவியாத சுள்ளி, பாசி பிடித்த பக்கம் கீழே போய்விட்ட கல், எல்லா வேர்களுக்கும் நடுவே தேய்ந்துபோன ஒரே வேர் என்று பார்ப்பார்கள். ஒளித்துவைத்தவரின் கருவியிலும் பிழை இருந்திருக்கும், தேடுகிறவரின் கருவியிலும் இருக்கும். இரண்டும் ஐந்தைந்து மீட்டர் என்றால் மோசமான நாளில் இரண்டும் எதிரெதிராகச் சேர்ந்து பத்தாகிவிடும். அதனால்தான் பொறுப்பாக ஒளித்துவைக்கிறவர்கள் ஒரே அளவை எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை. கார்மின் நிறுவனத்தின் கருவிகளில் ஓரிடத்தைப் பலமுறை அளந்து சராசரி எடுக்கும் வசதி இருக்கிறது. ஒரு அளவைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இடைவெளி விட்டு, நான்கு முதல் எட்டு முறை எடுக்கச் சொல்கிறது அதன் கையேடு. அதற்குள் வானத்தில் கோள்கள் இடம் மாறியிருக்கும், பிழையும் வேறு பக்கம் சாய்ந்திருக்கும், சராசரியில் அவை ஒன்றையொன்று தின்றுவிடும். பிழையை அறிந்து அதைக் கொண்டே பிழையைக் குறைக்கிற இந்த வித்தை எனக்கு மிகவும் பிடித்தது.

கையில் கைப்பேசி இருக்கிறதே, தனிக் கருவி எதற்கு என்று கேட்பீர்கள். இது கனமான கேள்வி, மழுப்பக் கூடாது. துல்லியத்தில் தனிக் கருவிதான் மேல் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய கணக்கில் இருக்கிறார்கள். 2018இல் ஷாவ்மி நிறுவனத்தின் மி 8 வந்ததிலிருந்து இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கைப்பேசிகள் கடையில் கிடைக்கின்றன. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய செயற்கைக்கோள் அமைப்புகள் எல்லாம் அவற்றுக்கும் கேட்கும். பல மாடல்களில் இந்தியாவின் நாவிக் அமைப்பும் கேட்கும். சிக்னல் இல்லாத காட்டில் கைப்பேசியின் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பதும் தவறு. கோளிலிருந்து வருவதைக் கேட்பதற்கு டவர் தேவையில்லை. தேவைப்படுவது வரைபடம்; அதை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளலாம். தனிக் கருவிக்கு நான் கொடுக்கும் மதிப்பு வேறு இடங்களில் இருக்கிறது. இரண்டு பென்டார்ச் செல்லில் ஒரு சாதாரண கார்மின் ஈட்ரெக்ஸ் ஒரு பகல் முழுக்க ஓடி மிச்சமும் வைக்கும். தீர்ந்தால் மலையடிவாரப் பெட்டிக்கடையில் செல் கிடைக்கும். உச்சி வெயிலில் அதன் திரை மங்காது, வெயில் பட்டால் இன்னும் தெளிவாகும். நனைந்த விரலுக்குப் பொத்தான் இணங்கும், தொடுதிரை இணங்காது. எல்லாவற்றுக்கும் மேல், வழிகாட்டும் கருவியும் உதவிக்கு அழைக்கும் கருவியும் ஒன்றாகவே இருந்தால், முதல் வேலையில் பேட்டரி தீர்ந்தபின் இரண்டாவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இருந்தாலும், கருவியின் விலை நம் ஊரில் பலருக்கு எட்டாதது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாங்க முடியாதவர்கள் கைப்பேசியிலேயே எண்ணையும் பிழை அளவையும் திரையில் பெரிதாகக் காட்டுகிற செயலியை வைத்துக்கொள்ளலாம். பெட்டி தேட சி:ஜியோ, நடைக்கு ஆஸ்ம்அண்ட் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. பழக்கத்தைத்தான் நான் வற்புறுத்துகிறேன், கருவியை அல்ல.

அடுத்த மறுப்பு ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. ஜிபிஎஸ் நம் திசையறிவை மழுங்கடிக்கிறது என்பார்கள். ஆதாரம் இல்லாத பேச்சு அல்ல. 2008இல் ஜப்பானில் தோரு இஷிகாவாவும் குழுவினரும், கைக்கருவி பார்த்து நடந்தவர்களையும், காகித வரைபடம் பார்த்து நடந்தவர்களையும், ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். கருவிக்காரர்கள் அதிக தூரம் நடந்தார்கள், அதிக இடங்களில் தயங்கி நின்றார்கள், பிறகு அந்த வழியை வரைந்து காட்டச் சொன்னபோது மோசமாக வரைந்தார்கள். 2020இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லூயிசா தாமானி, வெரோனிக் போபோ இருவரும் 50 வாகன ஓட்டிகளை ஆராய்ந்தார்கள். ஜிபிஎஸ் அதிகம் பயன்படுத்தியவர்களின் இட நினைவாற்றல் குறைந்திருந்தது. மூன்றாண்டு கழித்து அவர்களில் 13 பேரை மறுபடி சோதித்தபோதும் அதே போக்குத்தான். பதின்மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்றாலும் இந்த முடிவுகளை நான் நம்புகிறேன். நம்புவதால்தான் ஒன்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். அடுத்த திருப்பத்தில் இடப்பக்கம் திரும்பவும் என்று குரல் கொடுக்கிற கருவி நம் முடிவைத் தானே எடுத்துவிடுகிறது. மூளைக்கு அங்கே வேலையில்லை. 240 மீட்டர், வடகிழக்கே என்று மட்டும் சொல்கிற கருவி முடிவை நம்மிடமே விடுகிறது. சரிவைப் பார்க்க வேண்டும், சூரியனைப் பார்க்க வேண்டும், திரும்பிவரும்போது அடையாளம் தெரிய இந்தப் பாறையை நினைவில் வைக்க வேண்டும். இரண்டையும் ஜிபிஎஸ் என்ற ஒரே பெயரில் அழைப்பதால் ஒன்றின் குற்றம் மற்றதன் தலையில் விழுகிறது. திருப்பம் திருப்பமாகச் சொல்லும் வசதி கைக்கருவிகளிலும் உண்டு. காட்டுநடையில் அதை அணைத்துவைப்பதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

வரைபடமும் காம்பசும் போதும், மின்சாரம் வேண்டாம் என்கிற பெரியவர்களுக்கு என் மரியாதை. ஆனால் அவர்களுடைய முறையும் வட்டத்தைத்தான் தருகிறது. தெரிந்த மூன்று சிகரங்களுக்குக் காம்பஸ் பிடித்து வரைபடத்தில் கோடு இழுத்தால் மூன்றும் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்வது அபூர்வம். நடுவில் ஒரு சிறு முக்கோணம் மிஞ்சும், அதற்குள் எங்கோதான் நாம். குமரிக் கடலோரத்து மீனவர்கள் கரையில் தெரியும் தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் நிற்கும் மலை முகட்டையும் ஒரு நேர்க்கோட்டில் பிடித்து, வேறொரு ஜோடியை இன்னொரு கோட்டில் பிடித்து, கடலடிப் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடித்து மீன் பிடித்தார்கள். அவர்களில் பலர் இன்று அந்தப் பார்களை ஜிபிஎஸ்ஸில் சேமித்துவைத்திருக்கிறார்கள். படகை நிறுத்தியபின் தூண்டிலை எந்தப் பக்கம் விடுவது என்பதை நீரோட்டம் பார்த்து அவர்களேதான் முடிவு செய்கிறார்கள். காம்பசிலும் தெரிந்துகொள்ள வேண்டிய பிழை இருக்கிறது. காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் இடையே ஓரிரு டிகிரிதான் வித்தியாசம், நாம் கவனிக்காமலே தப்பித்துக்கொள்கிறோம். உல்மர் வாளி வைத்த ஆரிகனில் அது 15 டிகிரி அளவுக்கு இருக்கிறது. அதைக் கணக்கில் கொள்ளாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 260 மீட்டர் தள்ளிப் போய் நிற்போம். காம்பசையும் காகிதத்தையும் பையில் வையுங்கள். கருவி பழுதானால் கைகொடுக்க மட்டும் அல்ல, கருவி சொல்வது சரியா என்று கேள்வி கேட்கவும் அவை வேண்டும்.

கேள்வி கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெத் வேலி தேசியப் பூங்கா சாட்சி. கொதிக்கும் பாலைவனத்தில் கருவி காட்டிய சாலையில் வண்டியை விட்டுச் சிக்கிக்கொண்டு மாண்டவர்கள் உண்டு. அந்தப் பூங்காவின் காவலர்கள் அதற்கு ஜிபிஎஸ் மரணம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன்பே பாலைவனத்தில் மறைந்துபோன சாலைகள் கருவியின் வரைபடத்தில் இன்னும் சாலைகளாக இருந்தன. கவனியுங்கள், அங்கே செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை. இடம் சரி, வரைபடம் தவறு. இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள், ஒரே திரையில் ஒட்டவைத்துக் காட்டுவதால் ஒன்றாகத் தெரிகின்றன. இன்னொரு நல்ல உதாரணம் லண்டன் கிரீனிச்சில் இருக்கிறது. தரையில் பதித்த பூஜ்ஜிய தீர்க்கரேகைக் கோட்டின் மேல் நின்று கருவியைப் பார்த்தால் பூஜ்ஜியம் வராது. கிழக்கே 102 மீட்டர் நடந்தால்தான் வரும். பூமியை அளக்கும் அடிப்படைச் சட்டகம் மாறியதால் வந்த இடைவெளி அது. நமக்கும் இதே கதை உண்டு. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையின் வழியே உருவான எவரெஸ்ட் சட்டகத்தில்தான் இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் வரையப்பட்டன. ஜிபிஎஸ் பயன்படுத்துவது உலகளாவிய டபிள்யூஜிஎஸ் 84 என்ற சட்டகம். பழைய தாளில் அளந்த எண்ணை அப்படியே கருவியில் போட்டால் தமிழ்நாட்டில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். அதாவது 2000ஆம் ஆண்டில் கிளின்டன் எடுத்துப்போட்ட பிழையை நாமே திரும்ப உள்ளே கொண்டுவருகிறோம். கருவியின் அமைப்புப் பட்டியலில் சட்டகத்தை மாற்ற ஒரு வரி இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

இந்த விளையாட்டு காட்டைக் கெடுக்காதா, நம் நாட்டில் இதற்கு இடமிருக்கிறதா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கெடுக்கக்கூடும். பத்து மீட்டர் வட்டத்துக்குள் நூறு பேர் தேடினால் செடி மிதிபடும், கல் புரளும். இங்கிலாந்தின் வெதர்பியில் 2011இல் தெருவோரம் வைத்த ஒரு பெட்டியை வெடிகுண்டு என்று பயந்து அந்தப் பகுதியையே மூடினார்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பெட்டி வைக்க முடியாது. புதைக்கக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது, இரண்டு பெட்டிகளுக்கிடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும், நில உரிமையாளரின் இசைவு வேண்டும் என்றெல்லாம் விளையாட்டுக்காரர்களே விதி வகுத்துக்கொண்டார்கள். இதைவிட நல்ல பதில் 2004இல் அமெரிக்க நிலவியல் கழகத்தோடு சேர்ந்து பிறந்த எர்த்கேச். அதில் பெட்டியே கிடையாது. எண்ணைப் பின்பற்றிப் போனால் ஒரு பாறை அடுக்கோ நில அமைப்போ இருக்கும். அதைப் பார்த்து, அளந்து, கேட்ட கேள்விக்கு விடை எழுத வேண்டும். நம் நாட்டில் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவதே குற்றம். எனவே காட்டுக்குள் பெட்டி வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் நிலை. ஊர்ப் பூங்காக்களும் அனுமதியுள்ள நடைபாதைகளும் எர்த்கேச் முறையும் இந்தப் பாடத்தைக் கற்கப் போதும். இதோடு ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டு நடையர்கள் வைத்திருக்கும் சில கைக்கருவிகள் செயற்கைக்கோள் வழியே செய்தியும் அனுப்பும். அவற்றை உரிய உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருந்தால் சட்டச் சிக்கல் வரும். விமான நிலையங்களிலேயே பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். வெறுமனே கேட்கிற ஜிபிஎஸ் வேறு, அனுப்புகிற கருவி வேறு. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கருவி வாங்கித்தரச் சொல்லும்போது இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பாடம் விளையாட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. தமிழ்நாட்டில் ஞாயிறுதோறும் குன்று ஏறி நடுகல், சமணப் படுக்கை, பாறை ஓவியம், கல்வட்டம் என்று தேடிப் பதிவு செய்கிற நண்பர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத்தான் இந்தப் பதிவை முதன்மையாக எழுதினேன். கைப்பேசி தந்த ஏழு தசம எண்ணை மட்டும் ஒற்றி எழுதிவைக்காதீர்கள். பாறை இடுக்கிலிருந்து இரண்டடி விலகி, வானம் திறந்த இடத்தில் நின்று, சில நிமிடங்கள் பொறுத்து அளவெடுங்கள். முடிந்தால் இன்னொரு நாள் போகும்போது மறுபடியும் எடுங்கள். ஐந்து தசம இடம் போதும். பக்கத்தில் சட்டகம் டபிள்யூஜிஎஸ் 84 என்றும், எந்தக் கருவி என்றும், பிழை இத்தனை மீட்டர் என்றும் எழுதுங்கள். அதோடு, புளியமரத்துக்கு மேற்கே, சுனைக்கு மேலே இரண்டாவது பாறை என்று ஒரு வரி சேருங்கள். இருபது வருடம் கழித்து அந்தக் கல்லைத் தேடி வரப்போகிறவருக்குக் கடைசிப் பத்து மீட்டரில் அந்த ஒரு வரிதான் உதவும்.